வெர்டனுக்கு முன்பே நடந்த பாகப்பிரிவினை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஐரோப்பிய வரலாற்றுக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். 843-ல் கையெழுத்தான வெர்டன் உடன்படிக்கைதான் பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் நாட்டை (இன்றைய பிரான்சும் அதைச் சுற்றிய பகுதிகளும்) முதன்முதலாகத் துண்டாக்கியது என்று அதில் இருந்தது. அது சரியல்ல. 511-ல் மன்னர் குளோவிஸ் கண்ணை மூடியதுமே, குடும்பச் சொத்தைப் பிரிப்பதுபோல நான்கு மகன்களும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரைம்ஸ், ஓர்லியான், பாரிஸ், சுவாசோன் என்று ஆளுக்கொரு தலைநகர்.

அந்தப் பங்காளிப் பகையில் ஒரு காட்சி என் மனதை விட்டு அகலவே இல்லை. அந்த நால்வரில் ஒருவரான குளோடோமர் 524-ல் போரில் இறந்தபின், அவருடைய பிள்ளைகளைப் பாட்டி குளோட்டில்ட் (குளோவிஸின் மனைவி) வளர்த்தார். அரசராக்குகிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துப்போன சித்தப்பாக்கள், பாட்டிக்கு ஒரு கத்தரிக்கோலையும் உருவிய வாளையும் அனுப்பினார்கள். நீண்ட கூந்தல்தான் அரச குலத்தின் அடையாளம். வெட்டினால் அரசுரிமை போயிற்று. கூந்தலை வெட்டுவதா, வாளால் கொல்வதா என்பதுதான் கேள்வி. கூந்தலை இழந்து நிற்பதைவிடச் சாவதே மேல் என்று பாட்டி ஆத்திரத்தில் சொல்லிவிட்டார். 10 வயதுப் பிள்ளையையும் 7 வயதுப் பிள்ளையையும் சித்தப்பாக்களில் ஒருவரான குளோத்தார் தன் கையாலேயே குத்திக் கொன்றார். அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் ஒருவர் எழுதிவைத்த செய்தி இது. தப்பிய மூன்றாவது பிள்ளை பின்னாளில் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான்.

558-ல் மொத்த நாடும் அந்தக் குளோத்தார் கைக்கே வந்தது. மூன்றே ஆண்டுகள்தான். 561-ல் அவர் இறந்ததும் மறுபடி நான்கு பங்கு.

வெர்டன் அப்புறம் வந்த கதை. தொடரின் அடுத்த பகுதியில் குளோவிஸின் குலமான இந்த மெரோவிங்கியர் காலத்துக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்