அந்த ஐம்பது கேள்விகளும் ‘அரைகுறை’ என்ற சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களின் பண்பாட்டு அறிவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடவே நீங்கள் தந்திருந்த ஐம்பது கேள்விகளுக்கும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முப்பத்தொன்றுக்குப் பதில் எழுத முடிந்தது. அதில் எத்தனை சரி என்று தெரியவில்லை, ஏனென்றால் விடைகளை நீங்கள் அச்சிடவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது: “வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைகள் எதிலும் முழுமை பெறுவதில்லை, அரைகுறைகளாகவே கல்லூரிக்குள் நுழைகிறார்கள்.” நாலு நாளாக இந்த வரி தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

என் அம்மாவுக்குத் தமிழ், அப்பாவுக்கு மலையாளம். நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வாசிக்க எனக்கு எந்தப் பள்ளியும் கற்றுத்தரவில்லை. அம்மா சந்தா கட்டி வரவழைத்த உங்கள் இதழ்தான் கற்றுத்தந்தது. முதலில் தலைப்புகளின் பெரிய எழுத்துகள், அப்புறம் படங்களுக்குக் கீழே இருக்கும் வரிகள். ஒரு முழுச் சிறுகதையை யாருடைய உதவியும் இல்லாமல் படித்து முடித்தபோது எனக்குப் பதினொரு வயது. அன்று அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வைத்தார், இன்னும் வைத்திருக்கிறார். அப்படி எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற அதே இதழில் என்னை அரைகுறை என்று அச்சடித்திருப்பதைப் படிக்க எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கே புரியும்.

முதலாண்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கில வகுப்பில் ஒரு பாத்திரத்துக்கு ‘ஜோபின் பொறுமை’ இருந்தது என்று பாடத்தில் வந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரையும் வேலையைக் குறிக்கும் சொல்லையும் ஒரே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருந்தது. அழுத்தத்துக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வேலை பார்ப்பவர்களுக்கு வேண்டிய பொறுமையைப் பற்றி முக்கால் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். படித்து முடிக்கும்வரை சிரிப்பு ஓயவில்லை. ஜோப் என்பவர் விவிலியத்தில் வரும் யோபு என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. “இதுகூடத் தெரியாமலா இந்தப் பாடத்தை எடுத்தாய்?” என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவே நூலகத்தில் யோபு ஆகமத்தை எடுத்து நாற்பத்திரண்டு அதிகாரங்களையும் படித்தேன். ஆடு, ஒட்டகம், பிள்ளைகள் என்று எல்லாம் போய், உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொண்டிருக்கும் மனிதர். மூன்றாம் அதிகாரத்திலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். பொறுமையைவிட அவருடைய வழக்காடல்தான் எனக்குப் பிடித்தது. படிக்கும்போதே அம்மா சொன்ன அரிச்சந்திரன் கதை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அதுவும் ஒரு சோதனைதான். நாடு போகிறது, மனைவியையும் மகனையும் விற்கிறான், கடைசியில் சுடுகாட்டில் காவல் நிற்கிறான். ஒருவர் கேள்வி கேட்கிறார், மற்றவர் கேட்காமல் வாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இது இரண்டு விதமான பொறுமை என்று அடுத்த கட்டுரையில் எழுதினேன். அரிச்சந்திரன் வந்த பத்தியின் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு, ஓரத்தில் “தேவையற்ற விவரம்” என்று எழுதி வந்தது.

ஐயா, எனக்குள்ள கோபமெல்லாம் இதுதான். அவர்களுடைய யோபுவை நான் அறியாதிருந்தால் அது என் குறை. என் அரிச்சந்திரனை அவர்கள் அறியாதிருந்தால் அது தேவையற்ற விவரம். இரண்டும் அறியாமைதானே? ஒன்றுக்கு ஏன் சிரிப்பு, இன்னொன்றுக்கு ஏன் சிவப்புக் கோடு?

உங்கள் கட்டுரையாளர் தன் வாதத்துக்கு அமெரிக்கப் பேராசிரியர் ஈ. டி. ஹிர்ஷைத் துணைக்கு அழைத்திருக்கிறார். ‘பண்பாட்டு எழுத்தறிவு’, அதாவது படிப்பதைப் புரிந்துகொள்ள வேண்டிய பொதுப் பின்னணி அறிவு, என்ற சொல்லைப் பரவலாக்கிய அவருடைய 1987ஆம் ஆண்டு நூலையும், அதன் பின்னிணைப்பில் இருந்த ஏறத்தாழ ஐயாயிரம் பெயர்கள், தொடர்கள், தேதிகள் கொண்ட பட்டியலையும் நீங்கள் அறிவீர்கள். அந்த நூலை நானும் படித்தேன், யோபுவுக்குப் பிறகு படிக்காமல் இருக்க முடியவில்லை. பெரிய பகுதியை ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஒரு சமுதாயக் கல்லூரி மாணவர்களை அவர் சோதித்துப் பார்த்தார். நட்பைப் பற்றிய பத்தியை அவர்கள் பல்கலைக்கழக மாணவர்களைப் போலவே நன்றாகப் படித்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் லீ, கிராண்ட் என்ற இரு தளபதிகள் சந்தித்ததைப் பற்றிய பத்தியில்தான் தடுமாறினார்கள். எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது, பின்னணியும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. யோபு விஷயத்தில் நானே அதற்குச் சாட்சி. ஆனால் ஹிர்ஷ் கேட்டது, வசதி இல்லாத பிள்ளைகளுக்கும் அந்தப் பின்னணியைப் பள்ளியே தர வேண்டும் என்பதை. தெரியாதவர்களை வரிசையில் நிறுத்தி அரைகுறை என்று பெயர் வைக்கச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் யார் யார் இல்லை என்று அப்போதே பலர் கேட்டார்கள், அதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இருந்திருக்கலாம்.

இன்னொரு ஆய்வையும் கட்டுரையாளர் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1979இல் மார்கரெட் ஸ்டெஃபென்சன், சித்ரா ஜோக்தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் ஆகிய மூவரும் செய்தது. ஓர் அமெரிக்கத் திருமணத்தையும் ஓர் இந்தியத் திருமணத்தையும் விவரிக்கும் இரண்டு கடிதங்களை இரு நாட்டவர்களிடமும் படிக்கக் கொடுத்தார்கள். அவரவர் பண்பாட்டுக் கடிதத்தை அவரவர் வேகமாகப் படித்தார்கள், அதிகமாக நினைவிலும் வைத்திருந்தார்கள். அமெரிக்கக் கடிதத்தில் மணப்பெண் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள். அங்கே அது பெருமை. அதைப் படித்த இந்தியர் ஒருவரோ, உடை மிகப் பழையது, நாகரிகம் போனது என்று நினைவிலிருந்து எழுதினார். இந்தியக் கடிதத்தைப் படித்த அமெரிக்கர்களும் இதே மாதிரி வேறு இடத்தில் தவறினார்கள். அறியாமை இரு பக்கமும் இருந்தது. அந்தப் பாட்டியின் உடையை இரண்டு விதமாகவும் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால், அவரை என்னவென்று சொல்வீர்கள்? அரைகுறை என்றா?

இந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்பவளும் இல்லை நான். மழை என்று அம்மாவும் மழ என்று அப்பாவும் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். இரண்டிலும் அதே ‘ழ’தான். ஆனால் அம்மா வழி உறவினர்கள் என் தமிழில் மலையாள ராகம் இருக்கிறது என்பார்கள், அப்பா வழியில் என் மலையாளத்தில் தமிழ் இழுவை என்பார்கள். கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் தாய்மொழிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டையும் நெருக்கி எழுதினேன். அலுவலகத்தில் இருந்தவர் “ஒன்று போதும்மா” என்று சொல்லி, என்னைக் கேட்காமலே மலையாளத்தை அடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஆண்டுதோறும் பண்பாட்டு நாள் வருகிறது. அன்றைக்கு மட்டும் என்னைத் தேடி வந்து, பாரம்பரிய உடையில் வரச் சொல்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் வகுப்பில் என் உதாரணங்கள் மறுபடியும் தேவையற்ற விவரங்கள் ஆகிவிடும்.

இருமொழியாளர் என்பவர் ஓருடம்பில் அடைபட்ட இரண்டு ஒருமொழியாளர்கள் அல்லர் என்று பிரான்சுவா குரோஜான் என்ற மொழியியலாளர் 1989இலேயே எழுதினார். இரண்டு பாதிகளைக் கூட்டிப் பார்த்து, இதில் இத்தனை குறைவு, அதில் இத்தனை குறைவு என்று கணக்குப் போடக் கூடாது, அவருடைய மொழித்திறன் தனக்கென்று ஒரு முழுமை உள்ளது என்பது அவர் வாதம். அதைப் படித்த அன்று, பல வருடமாக யாரோ என் தோளில் வைத்திருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உங்கள் கடைசிப் பத்தி அதைத் திரும்பத் தூக்கி வைத்துவிட்டது.

கற்க வேண்டியது எனக்கு இன்னும் மலையளவு இருக்கிறது. உங்கள் பட்டியலில் எனக்குத் தெரியாத பத்தொன்பதையும் தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை பதினொன்று கிடைத்தது. தெரியாததைக் கற்க எனக்கு வெட்கமில்லை. சிரிக்காமல் சொல்லித்தர ஆள் கிடைத்தால் எந்த மாணவரும் கற்றுக்கொள்வார்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த ஐம்பது கேள்விகளுக்கும் விடைகளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கத்தோடு அச்சிடுங்கள். அதன் கீழே பத்து இடங்களைக் காலியாக விடுங்கள். என்னைப் போல வீட்டில் இரண்டு மூன்று மொழிகளோடு வளர்ந்தவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்கள் தங்கள் கேள்விகளை அனுப்பட்டும். என் பங்குக்கு இரண்டை இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஒன்று: பொறுமைக்குப் பெயர் போன யோபு, தான் பிறந்த நாளை ஏன் சபித்தார்?

இரண்டு: மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் எழுதிய இராமாயணத்தின் பெயர் என்ன?

இரண்டாவதற்கான விடையை அப்பாவிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவி