மூத்தோர் ஐக்கியச் செயலரின் ஆண்டறிக்கை

தலைமை வகிக்கும் ஆயர் அவர்களே, ஐக்கியத் தலைவர் அவர்களே, அன்பான மூத்த சகோதர சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். செயற்குழுவின் சார்பில் கடந்த ஆண்டின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம் உறுப்பினர்களின் பெயர்கள் ஆரம்ப ஜெபத்தில் வாசிக்கப்பட்டன. அவர்களில் பலர் கடைசி மாதம் வரை மிஷனெரிகளுக்காக ஜெபிக்கும் பட்டியலைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்தக் குடும்பங்களை ஜெபத்தில் தாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. ஆண்டு முழுவதும் 'முதிர்வயதில் அழைப்பு' என்ற ஒரே பொருளைத்தான் தியானித்தோம். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டது 75 வயதில், காலேப் மலைநாட்டைக் கேட்டது 85 வயதில் என்பதெல்லாம் நாம் பலமுறை கேட்டவை. எங்களை அதிகம் சிந்திக்க வைத்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். அவர்களுக்கு என்ன வயது, பிள்ளைகள் இருந்தார்களா என்று வேதம் சொல்லவில்லை. ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு கொரிந்துவுக்கு வந்தார்கள். கூடாரம் பண்ணிப் பிழைத்தார்கள். பவுலைத் தங்கள் வீட்டில் தங்க வைத்தார்கள், பின்பு அவரோடு எபேசுவுக்குப் போனார்கள். அங்கே அப்பொல்லோவைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். அவர்கள் வீட்டில் ஒரு சபையே கூடிற்று. வேதத்தில் ஒருவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் மற்றவர் பெயரும் வருகிறது. அவர்களுடைய திருமண வாழ்வையும் ஊழியத்தையும் தனித்தனியே பிரித்துச் சொல்ல முடியாது. இந்த ஆண்டின் எங்கள் பணியை இந்தத் தம்பதியின் வெளிச்சத்தில் பார்த்தால்தான் புரியும்.

பணித்தளங்களிலிருந்து வந்த கடிதங்களில் பண உதவி கேட்டவை குறைவு, ஆள் கேட்டவையே அதிகம். பிள்ளைகள் விடுதியை நடத்தும் ஒரு மிஷனெரித் தம்பதி பல ஆண்டுகளாக விடுப்பே எடுக்கவில்லை. மாற்றாக வந்து தங்க யாரும் இல்லை என்பதுதான் காரணம். பெற்றோரின் மரணத்துக்குக்கூடக் கணவர் மட்டுமே போய்வந்திருக்கிறார். அந்தத் தேவைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்? பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள் நாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அதிகாலையில் தானாக விழித்துக்கொள்கிறவர்கள். நம் உறுப்பினர்களில் இரண்டு தம்பதிகள் சேர்ந்து போய் அந்த விடுதியைப் பொறுப்பேற்றார்கள். இளைய தம்பதி நிம்மதியாக ஓய்வெடுத்துத் திரும்பினார்கள். பெரிய கூட்டங்கள் எதுவும் நடத்தவில்லை, புகைப்படங்களும் அனுப்பவில்லை. ஆனால் இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் மிகச் சிறந்த ஊழியம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் பணித்தளக் கணக்குகளைத் தணிக்கைக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். செவிலியராக இருந்த ஒரு சகோதரி, வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்க விடுதிப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறினால் நன்மைக்குப் பதில் தீமை விளையும் என்பதால், ஒவ்வொருவரையும் தம் கையாலேயே செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

மூத்தோர் பயணத்துக்கென்று செயற்குழு வகுத்த நெறிகளையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். பணித்தளத்தார் அழைத்தால் மட்டுமே போகிறோம். பயணச் செலவும் தங்கும் செலவும் நம்முடையவை. ஒருவர் நோயுற்றால் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளும்படி குறைந்தது நான்கு பேராகவே போகிறோம். மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடும் அசல் உறைகளோடும், திட்டமிட்ட நாட்களுக்கு மேலாகவும் கைப்பையில் எடுத்துச் செல்கிறோம். வெளிநாட்டுப் பணித்தளங்களுக்குப் போக விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது, 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கடுமையான பின்விளைவுகள் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே மருத்துவரோடு கலந்து பேசாமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

ஒரு தம்பதியில் மனைவி போனார். முழங்கால் வலியால் கணவர் வீட்டில் இருந்தார். இது சரியா என்று சிலர் கேட்டார்கள். 1878-ல் வட சீனா பெரும் பஞ்சத்தில் தவித்தபோது, சீனாவில் ஊழியம் செய்த மிஷனெரி ஹட்சன் டெய்லர் உடல்நலம் குன்றி இங்கிலாந்தில் இருக்க, அவர் மனைவி ஜென்னி ஷான்சி மாகாணத்துக்குப் போய், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக உழைத்தார். நம் சகோதரர் வீட்டிலிருந்தபடி தினமும் மாலையில் தொலைபேசியில் மனைவியோடு சேர்ந்து ஜெபித்தார். இருவரும் போனதாகவே ஐக்கியத்தின் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம்.

அடுத்து, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட காரியத்துக்கு வருகிறேன். நம் உறுப்பினர்களுக்குள் இரண்டு திருமணங்கள் நடந்தன. நால்வரும் 60 வயதைக் கடந்தவர்கள். சபையில் மகிழ்ந்தவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. 'இந்த வயதில் எதற்கு' என்ற கேள்வியை நேருக்கு நேர் கேட்டவர்களைவிட, முதுகுக்குப் பின்னால் கேட்டவர்களே அதிகம். அதனால் சபையார் முன்னிலையில் அதற்குப் பதில் சொல்வது செயலரின் கடமை என்று கருதுகிறேன். நானும் கணவரை இழந்தவள். மறுமணம் என் வழியல்ல என்று முடிவு செய்தவள். ஆகவே எனக்காகப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கணவன் மரித்தபின் மனைவி தனக்கு இஷ்டமானவரை மணந்துகொள்ள விடுதலையாயிருக்கிறாள், கர்த்தருக்குட்பட்டவராக மட்டும் இருக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அங்கே வயது வரம்பு எதுவும் இல்லை. அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளைப் பற்றி தீமோத்தேயுவுக்கு எழுதியது, சபை தாங்க வேண்டியவர்களின் பட்டியலுக்காக. அந்த வயதுக்கு மேல் மணமே கூடாது என்ற சட்டமாக அதை வாசிக்க முடியாது. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், திருமண ஆராதனையில் பிள்ளைப்பேற்றுக்கான ஜெபத்துக்கு முன் ஒரு குறிப்பு இருக்கிறது. மணமகள் பிள்ளைபெறும் வயதைக் கடந்தவராயிருந்தால் இந்த ஜெபத்தை விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் குறிப்பு. முதிர்வயதில் மணம் செய்ய வருகிறவர்களைத் திருச்சபை அன்றே எதிர்பார்த்திருந்தது. அந்த ஆராதனை முறையில், ஒருவருக்கொருவர் துணையாகவும் ஆறுதலாகவும் இருப்பதும் திருமணத்தின் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

வேதப்பாட வகுப்பில் ஒரு சகோதரி கண்ணீரோடு கேட்டார்: 'பரலோகத்தில் நான் யாருடைய மனைவியாக இருப்பேன்?' உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் இதை ஆண்டவரிடம் கண்ணியாகக் கேட்டார்கள். இந்தச் சகோதரி உண்மையான பயத்தோடு கேட்டார். உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்று ஆண்டவர் சொன்ன பதிலை ஆயர் பொறுமையாக விளக்கினார். முதல் கணவரை நேசித்தது அங்கே அழிந்துபோகாது, இரண்டாம் கணவரை நேசிப்பது அதற்குத் துரோகமும் ஆகாது என்று சொன்னார். அந்தச் சகோதரிதான் இந்த ஆண்டின் இரண்டு மணமகள்களில் ஒருவர். இன்று அவர்கள் வீட்டுச் சுவரில் முந்தைய துணைவர்கள் இருவரின் படங்களும் தொங்குகின்றன. குடும்ப ஜெபத்தில் இருவருக்காகவும் பெயர் சொல்லி நன்றி செலுத்துகிறார்கள்.

ஐக்கியம் வரன் பார்க்கும் நிலையமாகிவிடக் கூடாது என்று செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. அதை ஏற்றுக்கொண்டோம். நாம் யாருக்கும் துணை தேடுவதில்லை. ஆனால் இருவர் மனமொத்து வந்தால் அவர்களோடு கூட நடக்கிறோம். துக்கம் ஆறுவதற்குப் போதிய காலம் கடந்ததா என்று முதலில் கேட்கிறோம். தனிமையின் பயத்தால் மட்டும் எடுக்கும் முடிவைத் தள்ளிவைக்கச் சொல்கிறோம். இரு வீட்டுப் பிள்ளைகளையும் ஆயர் முன்னிலையில் உட்கார வைத்துப் பேசுகிறோம். பிள்ளைகளின் எதிர்ப்புக்குள் பெரும்பாலும் சொத்தைப் பற்றிய கவலையும், இறந்த தாயோ தகப்பனோ மறக்கப்பட்டுவிடுவாரோ என்ற வேதனையும் கலந்திருப்பதைக் கண்டோம். முதலாவதற்கு உயில் எழுதி வைப்பது மருந்து. இரண்டாவதற்கு அவசரமில்லாத அன்பைத் தவிர வேறு மருந்து இல்லை. உடலில் உள்ள நோய்களை ஒருவருக்கொருவர் மறைக்கக் கூடாது. யார் வீட்டில் வாழ்வது என்பதையும், யாரை எங்கே அடக்கம் செய்வது என்பதையும்கூட முன்பே பேசி எழுதி வைக்கச் சொல்கிறோம். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டபோது நால்வருமே நிம்மதியடைந்தார்கள்.

மிஷனெரி ஞாயிறுதோறும் வில்லியம் கேரியைப் புகழ்கிறோம். அவருடைய இல்லறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அதையும் பேச வேண்டும் என்பது என் விண்ணப்பம். 1793-ல் அவர் வங்காளத்துக்குப் புறப்பட்டபோது மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். பின்பு கைக்குழந்தையோடு கப்பலேறினார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். டாரதியின் மனநலம் குலைந்தது, 1807-ல் இறக்கும்வரை அவர் தேறவில்லை. ஒருவருடைய அழைப்பை மற்றவர் மேல் சுமத்தினால் என்ன ஆகும் என்பதை அந்தச் சகோதரியின் கண்ணீர் நமக்குச் சொல்கிறது. அதனால்தான் எந்தப் பயணத்துக்கும் கணவனையும் மனைவியையும் தனித்தனியாகச் சந்தித்து விருப்பம் கேட்கும் முறையை இந்த ஆண்டு கொண்டுவந்தோம்.

1808-ல் கேரி சார்லட் ரூமோரை மணந்தார். இருவரும் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார்கள். டாரதி இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பதால் உடன் ஊழியர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். சார்லட் உடல் நலிவுற்றவர். ஆனாலும் வங்காள மொழியைக் கற்று, 1821-ல் இறக்கும்வரை கணவரின் பணியில் முழு மனதோடு உடனிருந்தார். அதன்பின் கேரி, 60 வயதைக் கடந்த நிலையில், கிரேஸ் ஹியூஸ் என்ற விதவையை மணந்தார். 1834-ல் கேரி இறக்கும்வரை அவரைப் பராமரித்தவர் இந்த கிரேஸ். நம் மிஷனெரி வரலாறுகளில் இவர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நம் புதிய தம்பதிகளில் ஒரு ஜோடி, ஓய்வுபெற்ற ஆசிரியரும், திருமணமே செய்யாமல் பல ஆண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றிய சகோதரியும், திருமணமான சில வாரங்களில் விடுதிப் பொறுப்புக்குப் போய்விட்டார்கள். மற்ற ஜோடியால் நெடுந்தூரம் பயணம் செய்ய முடியாது. அவர்கள் வீடு இப்போது வியாழன்தோறும் திறந்திருக்கிறது. அண்மையில் துணையை இழந்தவர்கள் அங்கே வந்து உட்காருகிறார்கள். பேச விரும்பினால் பேசுகிறார்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கிறார்கள். இதையும் பணித்தளம் என்றே செயற்குழு பதிவு செய்திருக்கிறது.

தனித்திருக்கத் தெரிந்துகொண்டவர்களை நாம் இரண்டாம் இடத்தில் வைக்கவில்லை. 1895-ல் மிஷனெரியாக இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் மணம் செய்யவில்லை. 1931-ல் விழுந்து அடிபட்ட பின், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அங்கிருந்து எழுதினார், ஜெபித்தார். படுக்கையிலிருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒவ்வொரு மாதமும் பணித்தளக் கடிதங்களை நேரில் கொண்டுபோய் வாசித்துக் காட்டும் பணி இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறது. இதற்கு இன்னும் ஆட்கள் வேண்டும். கண்பார்வை நன்றாக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். காணிக்கையில் குறைவில்லை.

வருகிற ஆண்டுக்காகச் செயற்குழு மூன்று காரியங்களுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறது. விடுப்புக்குப் போகும் மிஷனெரிகளின் இடத்தில் தங்க ஆயத்தமான தம்பதிகளின் பட்டியலை நிரந்தரமாக வைத்திருப்பது. முதிர்வயதில் மணமாகிறவர்களுக்கான ஆலோசனை வகுப்பை ஆயரின் பொறுப்பில் ஒழுங்காக நடத்துவது. அவர்களின் திருமணத்தை ஞாயிறு ஆராதனையிலேயே, சபையார் அனைவர் முன்னிலையிலும் அறிவித்து ஆசீர்வதிக்கும்படி சபைக் குழுவைக் கேட்டுக்கொள்வது. இதுவரை இரண்டு திருமணங்களும் வார நாளில், சிலர் மட்டும் கூடி, அமைதியாக முடிந்தன. மணமக்கள் அப்படிக் கேட்கவில்லை. நாம்தான் அவர்களுக்கு அப்படி ஏற்பாடு செய்தோம்.

வழிநடத்திய ஆயருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், தங்கள் பெற்றோரை மனதார அனுப்பிவைத்த பிள்ளைகளுக்கும், எங்களை நம்பி விடுதியை ஒப்படைத்த மிஷனெரிக் குடும்பத்துக்கும் ஐக்கியத்தின் நன்றியைத் தெரிவிக்கிறேன். இவ்வறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தரின் பணியில்,
செயலர்