குழப்பம் என்று எழுதிவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சின்னத்திரைப் பக்கத்தில் 'விடாது கருப்பு' பற்றிய கட்டுரை கண்டேன். தொண்ணூறுகளில் வந்த தொடரை மறக்காமல் எழுதியதற்கு நன்றி. நாகாவின் இயக்கத்தையும் இந்திரா சௌந்தர்ராஜனின் கதையையும் வாயாரப் பாராட்டிவிட்டு, கடைசிப் பத்தியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஊரில் தப்புச் செய்தவர்களைத் தண்டிப்பது கருப்புசாமியா மனிதனா என்று நேராகச் சொல்லாமல் பார்ப்பவரைக் குழப்பியது தொடரின் பலவீனமாம். அந்த வரியைப் படித்த பிறகு மற்றப் பாராட்டு எதுவும் மனதில் நிற்கவில்லை.

முல்லைப்பாட்டு தாங்கள் அறியாததல்ல. மொத்தமே 103 அடி. போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, முதுபெண்டிர் நாழி நெல்லும் முல்லைப் பூவும் கொண்டுபோய்த் தூவி, கைகூப்பி, விரிச்சி கேட்டு, அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லையே நிமித்தமாகக் கொள்ளக் காத்து, நிற்கிறார்கள். பக்கத்தில் ஓர் ஆயர் மகள். சிறு கயிற்றில் கட்டிய கன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. குளிரில் தோள்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு, 'இன்னே வருகுவர் தாயர்' என்று அந்தக் கன்றைத் தேற்றுகிறாள். அவ்வளவுதான். அவளுக்குத் தலைவனும் தெரியாது, போரும் தெரியாது. காத்து நின்றவர்களுக்கு அதுவே தெய்வ வாக்கு. அவள் முதுபெண்டிரைப் பார்த்து 'உங்கள் தலைவன் வருவான்' என்று சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் விரிச்சியா?

சிலப்பதிகாரத்தில் வேட்டுவர் குலத்துச் சாமியாடியான சாலினி தெய்வமுற்றுக் கண்ணகியைக் 'கொங்கச் செல்வி, குடமலையாட்டி' என்கிறாள். கண்ணகி என்ன செய்தாள்? இந்த மூதாட்டி ஏதோ மயங்கிப் பேசுகிறாள் என்று வெட்கப்பட்டுக் கணவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். வாக்கு யாருக்கு வந்ததோ அவளுக்கே அது விளங்கவில்லை, கதை தெரிந்த நமக்குத்தான் நெஞ்சு பதறுகிறது. இளங்கோவடிகள் அந்த இடத்தில் விளக்கம் எழுதி வைக்கவில்லை. அதையும் பலவீனம் என்பீர்களா?

அதே பக்கத்தில், இப்போது ஓடும் ஒரு பக்தித் தொடரைச் 'சாமியின் செய்தி தெளிவாகப் புரிகிறது' என்று புகழ்ந்திருக்கிறீர்கள். அந்தத் தெளிவைத்தான் தாங்க முடியவில்லை. அம்மனிடம் உத்தரவு கேட்டுப் பூக்கட்டிப் பார்க்கும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுப்பார்கள், வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டும் அரளியாகவே இருக்கவேண்டும். மல்லிகையை ஒன்றிலும் அரளியை இன்னொன்றிலும் வைத்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். ஒரே அளவுத் துண்டு, ஒரே எண்ணிக்கை மடிப்பு. மெல்லிய தாளில் ஈரப் பூவை வைத்தால் சிவப்பு ஊறி வெளியே தெரியும். அதனால் பூவைத் துடைத்துவிட்டுத்தான் மடிக்கவேண்டும். மடித்தவரே பொட்டலத்தை எடுக்கக் கூடாது. மடித்ததைப் பார்க்காத சிறு குழந்தையைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். கேள்வியும் ஒன்றுதான். 'பெண்ணை மேற்கே கொடுக்கலாமா, கிழக்கே கொடுக்கலாமா' என்று சேர்த்துக் கேட்டுவிட்டால், சிவப்பு வரும்போது அம்மன் எந்தத் திசையை மறுத்தாள் என்று யாருக்குத் தெரியும்?

அந்தத் தொடரில் பொட்டலம் மடிக்கும்போதே எதில் எந்தப் பூ என்று கேமரா குளோசப்பில் காட்டிவிடுகிறது. பிறகு குழந்தை கை நீட்டும்போது இடி, பொட்டலத்தைச் சுற்றிக் கிராபிக்ஸ் ஒளி, அம்மன் கண் மின்னுகிறது, அதையே மூன்று கோணத்தில் மூன்று முறை போடுகிறார்கள். மறுநாள் முன்கதைச் சுருக்கத்தில் இன்னொரு முறை. காட்சியில் கேள்வியே மிஞ்சவில்லை.

தெய்வக் குறிப்பு என்றால் அதற்குச் சாதாரணக் காரணம் ஒன்றும் அதே சட்டகத்துக்குள் இருக்கவேண்டும். விளக்கு அணைகிறதா, முந்தின காட்சியிலேயே சன்னல் திறந்திருக்கவேண்டும். சிலையின் வலப்பக்கம் பூ விழுகிறதா, அபிஷேக ஈரம் காய்ந்ததால் விழுந்தது என்று நினைக்க இடம் வேண்டும். பல்லி சொல்கிறதா, சத்தம் மட்டும் போதும், பல்லியைக் காட்டவே வேண்டாம். பின்னணி இசை முந்திக்கொள்ளக் கூடாது. இசை முதலில் வந்தால் இயக்குநர் சொன்னதாகிவிடும். நள்ளிரவில் குதிரைக் குளம்படி கேட்டால் ஊர் 'கருப்பு' என்று நடுங்கவும் வேண்டும், 'யாரோ குதிரையில் போகிறான்' என்று ஒருவன் யோசிக்கவும் வேண்டும். இரண்டையும் வாரக்கணக்கில் சமமாகத் தாங்கிப் பிடிப்பதுதான் கடினம். 'விடாது கருப்பு' அதைச் செய்தது.

இதெல்லாம் பழைய காலத்துச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். காங்கயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இன்றும் இருக்கிறது. ஒரு பக்தர் கனவில் ஒரு பொருள் வரும். கோயிலில் சொல்வார், பூக்கட்டிப் பார்ப்பார்கள், வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் வேறொன்று வரும்வரை அது அங்கேயே இருக்கும். இத்தனை நாள் என்று கணக்கில்லை. என்ன பொருள் என்று மட்டுமே உத்தரவு, எதற்கு என்று கிடையாது. மஞ்சள் வைத்தால் விலை ஏறும் என்று எங்கள் சேலம் லீ பஜார் மண்டியில் ஒருவர் சொல்வார், விழும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். இருவருமே கும்பிடுகிறவர்கள்தான்.

சொல்லாமல் வைத்திருந்த குறைகளையும் இத்தோடு சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் எங்கள் கோட்டை மாரியம்மன் கோயில் செய்தியில் 'பூச்சாட்டுதல்' என்பதைப் 'பூச்சூட்டுதல்' என்று அச்சிட்டீர்கள். அம்மனுக்குப் பூச் சாற்றி, விழா தொடங்கிவிட்டது என்று ஊருக்கு அறிவிப்பது பூச்சாட்டு. தலையில் பூ வைக்கும் சடங்கு வேறு. ஏற்காடு சிறப்புக் கட்டுரையில் சேர்வராயன் மலையின் மலையாளி மக்களைக் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்று எழுதினீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. மலையை ஆள்பவர் என்பதால் மலையாளி.

எல்லாவற்றையும்விட மனம் நொந்தது, எங்கள் ஊர்க் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவுக்குச் சாமி வேடமிட்டவர்கள் வண்டியில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைப் படத்துக்குக் கீழே 'மாறுவேடப் போட்டி' என்று போட்டிருந்ததுதான். வண்டிமேல் சிவனாக உட்கார்ந்திருப்பவர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும். நெற்றிக்கண் வரைந்த சாயம் வியர்வையில் மூக்கோரம் இறங்குவதும் தெரியும். வண்டி கிட்டே வரும்போது கிழவிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புகிறார்கள். அந்தக் கைகளிடம் போய்ச் சாமியா மனிதனா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் குழம்பவில்லை, ஐயா.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: 'பலவீனம்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒன்று, பூச்சாட்டுதல் என்பதே சரி என்று ஒன்று. இனிமேல் மர்மத் தொடர்களைப் பற்றி எழுதும்போது படத்துக்குக் கீழே முடிவை அச்சிடாதீர்கள். 'விடாது கருப்பு'வை யூடியூபில் இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.