வெத்தலைப் பாட்டைப் பாடியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் ‘பில்லா’ பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசைக்கு. இரண்டாவது தடவை ஒரு பெயரைத் தேடி. அந்தப் பெயர் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, 1980இல் வந்த பழைய ‘பில்லா’வில் ரஜினிக்கு எல்லாப் பாட்டையும் எஸ்.பி. பாலசுப்பிரமணியமே பாடினார் என்று போட்டிருக்கிறீர்கள். ‘மை நேம் இஸ் பில்லா’ அவர் பாடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘வெத்தலையைப் போட்டேண்டி’ பாட்டு மலேசியா வாசுதேவன் பாடியது. சென்னைப் பத்திரிகை இதை விட்டிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். கோலாலம்பூரில் அச்சாகும் பத்திரிகை விடலாமா?

விஷ்ணுவர்தன் இயக்கி, அஜித் நடித்து 2007 டிசம்பரில் வந்த ‘பில்லா’வை ‘நம்ம ஊர்ப் படம்’ என்று கட்டுரையாளர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். சரி, இங்கே எடுத்த படம்தான். நீரவ் ஷா கேமராவில் நம்ம ஊர் ராத்திரி அப்படிப் பளபளக்கிறது. முப்பது வருஷம் லோரி ஓட்டியவன் நான். நான் ஓட்டின ரோடா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கட்டுரையைப் படித்த அன்று ராத்திரி பேரனோடு உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். பத்துமலை முருகன் கோயிலில் எடுத்த பாட்டு வந்ததும் அவன் படத்தை நிறுத்திவிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். “தாத்தா, படிக்கட்டுல கலரையே காணோம்?” 272 படிக்கும் வானவில் கலர் அடித்தது 2018இல். அதற்கு முந்தின பத்துமலை அவனுக்குத் தெரியாது. முருகன் சிலை மட்டும் அப்போதே இருக்கிறது. 2006 ஜனவரியில் திறந்த 42.7 மீட்டர் சிலை, படத்தில் புது மெருகு குலையாமல் நிற்கிறது. இதற்காகவே அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கலாம். ஆனால் படம் முழுக்க ஊர் கண்ணில் பட்டதே தவிர, ஊர்க்காரன் குரல் என் காதில் விழவில்லை.

1980 படத்தில் விழுந்தது.

அது இந்தியில் சலீம்-ஜாவேத் எழுதி 1978இல் வந்த ‘டான்’ படத்தின் தமிழ்தான். இருந்தாலும் கதையின் பிடி லேசுப்பட்டதல்ல. செத்துப்போன கடத்தல்காரன் பில்லாவின் இடத்தில், அவனைப் போலவே இருக்கும் ராஜப்பாவை அனுப்பியது டி.எஸ்.பி. அலெக்ஸாண்டர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் போய்விட்டால் ராஜப்பா யாரென்று சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது. கும்பலும் விடாது, போலீஸும் விடாது. அலெக்ஸாண்டராக நடித்த பாலாஜி செத்து விழுந்ததும் தியேட்டரில் “ஐயோ” என்று எழுந்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

படம் இங்கே வந்தபோது நான் படிவம் நான்கு. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பஸ் பிடித்துப் பட்டணத்துக்கு அழைத்துப் போனார். கோட்டும் சூட்டும் கிளப்புமாகப் போன காட்சியெல்லாம் அவருக்கு ஒட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ‘வெத்தலையைப் போட்டேண்டி’ ஆரம்பித்ததும் கட்டு அவிழ்ந்து கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது. கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.வி. மெட்டமைத்த பாட்டு. வாசுதேவன் அதைப் பாடுகிறபோது கன்னத்தில் நிஜமாகவே ஒரு வாய் வெற்றிலை அடக்கியிருக்கிற மாதிரி இருக்கும். தோட்டத்துக் கல்யாணத்தில் பந்தி முடிந்து பெரியவர்கள் பேசுவார்களே, அந்தக் குரல். திரும்பி வரும் பஸ்ஸில் நான் பாடியவர் பெயரைச் சொன்னேன். “நம்ப ஊருப் பையனா?” என்றார். அதற்கப்புறம் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால், அறிவிப்பாளர் ‘மலேசியா’ என்று சொல்லி முடிக்கும் வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது.

2007 படத்துக்கும் அதே பாட்டைப் புதுப்பித்துப் போட்டார்கள். இசை யுவன் சங்கர் ராஜா, பாடியவர் சங்கர் மகாதேவன். அவர் பாட்டில் குறை சொல்ல நான் யார்? ஆனால் மலேசியாவில் எடுக்கிற படத்தில், மலேசியாக்காரர் பாடிய பாட்டை, அவர் உயிரோடு இருக்கும்போதே வேறொருவர் பாடியிருக்கிறார். வாசுதேவன் காலமானது 2011 பிப்ரவரியில்தான். உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டிய செய்தி இதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் வெறும் பாட்டுக்காரர் இல்லை. 1985 பொங்கலுக்கு வந்த பாரதிராஜாவின் ‘ஒரு கைதியின் டைரி’யில் கமலுக்கு எதிராக அரசியல்வாதி வில்லனாக வந்தவரும் அவர்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு என் அம்மா, “இந்த மனுசனா அப்படிப் பாடுறாரு?” என்று இரண்டு நாள் கோபமாக இருந்தார்.

அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். ஜூன் 15 அவர் பிறந்த நாள். 1944இல் பிறந்தவர், சென்னைக்குப் போகும் முன் இங்கே மேடை நாடகங்களில் நடித்தவர். அவரோடு மேடை ஏறியவர்களில் யாராவது இன்னும் இருக்கக்கூடும், எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்து எழுதுங்கள். போன ஞாயிறு இரட்டைக் கோபுரப் படத்துக்கு அரைப் பக்கம் கொடுத்தீர்கள். அதில் பாதி போதும்.

அன்புடன்,
பழைய வாசகன்,
செந்தூல், கோலாலம்பூர்.