நாயைக் கொடுக்குமுன் ஒரு பெயரை வாங்குங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் தெருநாய்களை மீட்டு வீடு பார்த்துக் கொடுக்கும் இளைஞர் குழுக்களுக்கு,

வணக்கம். குட்டியின் படத்தைப் போட்டால் அன்றைக்கே பலர் கேட்டு வருகிறார்கள். கேட்பவர் அன்பானவரா என்று பார்க்கிறீர்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அன்புக்குக் குறைவில்லை. லயத்து அறையான காம்பரா ஒவ்வொன்றும் சோறு போடும். தடுப்பூசி அட்டை மட்டும் எவர் அலுமாரியிலும் இராது. யாரையாவது கடித்துவிட்டால் அது எவர் வீட்டு நாயும் இல்லை. ஆகவே கொடுக்குமுன் ஒரு வளர்ந்தவரின் பெயரையும் கையெழுத்தையும் வாங்குங்கள். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால் தாய் தகப்பனிடம் பேசுங்கள். எல்லாரும் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனபின் பகலில் வீட்டில் யார் இருப்பார் என்றும் கேளுங்கள்.

மீட்ட நாயை நேரே லயத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். இரண்டு வாரம் மற்ற நாய்களிடமிருந்து விலக்கி வையுங்கள். பார்வோ வைரஸ் தொற்றிய குட்டி முதல் சில நாட்கள் நன்றாகவே தெரியும். பிறகுதான் வாந்தியும் இரத்தக் கழிச்சலும். அந்தக் கிருமி மண்ணிலும் சாக்கிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சவர்க்காரத்துக்குச் சாகாது. தரையை முதலில் கழுவி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் வீட்டு பிளீச் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் மருந்து வீண்.

பட்டினி கிடந்த நாய்க்குப் பாவம் பார்த்து முதல் நாளே தட்டு நிறையப் போடுவதும் தப்பு. கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை கொடுங்கள். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் போட்ட கறிக் குழம்பு இரத்தத்தைக் கெடுக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை இரத்தம் உறிஞ்சும் அட்டை. காலில் கடித்தால் தெரிந்துவிடும், மூக்குக்குள் போனால் தெரியாது. ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம், ஓயாத தும்மல் என்றால் அதைச் சந்தேகியுங்கள். குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தை மூக்கருகே வைத்தால் சில வேளை தலை நீட்டும். உப்பைத் திணிக்கவும் வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். உண்ணிக்கு மரக்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்தும் சொறிக்குக் கழிவு என்ஜின் ஒயிலும் பூசுகிறார்கள். நாய் அதை நக்கும், தோலும் உறிஞ்சும். சொறி ஆறுமுன் நாய் போய்விடும். ஈறு வெளிறிக் காய்ச்சலோடு படுத்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். பரசிட்டமோல் கொடுக்காதீர்கள்.

விசர்நாய்த் தடுப்பூசி போடாமல் நாயைக் கையளிக்காதீர்கள். பழைய தடுப்பூசி அட்டை இல்லையென்றால் ஊசியே போடவில்லை என்று எடுத்துக்கொண்டு போடுங்கள். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. கடித்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் காயத்தில் படக்கூடாது. கடித்த நாயை அடித்துக் கொன்றால் அதற்கு விசரா இல்லையா என்று பார்த்திருக்க வழியில்லாமல் போகும். இரண்டு வாரம் கட்டிப் போட்டுக் கவனியுங்கள்; இடையில் செத்தால் புதைக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள்.

பெட்டை நாயைக் கருத்தடை செய்தபின்னே கொடுங்கள். சினைக்காலம் 63 நாள்தான். "பிறகு செய்வோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் குட்டிகள் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் நிற்கும். தையல் ஆறும்வரை பத்துப் பதினான்கு நாள் நனையக்கூடாது, நக்கவும் கூடாது. ஆகவே மழை மாதத்தில் உள்ளே படுக்க இடமில்லாத வீட்டுக்கு அறுவை முடிந்த கையோடு அனுப்பாதீர்கள்.

இராத்திரி தேயிலை ஓரத்தில் சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த இரை. ஓடக்கூட அதற்கு வழியில்லை. கதவுள்ள கூடு, தரையிலிருந்து அரையடி உயர்ந்த பலகை, உலர்ந்த சாக்கு இத்தனையும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நுவரெலியாவில் ஜனவரியில் பனி உறையும். ஈரச் சாக்கில் குட்டி விறைத்துப்போகும்.

நாயைப் பதிவு செய்யும் சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது. பிரதேச சபையில் பதியும்போது கையெழுத்துப் போட்டவரின் அந்த ஒரு பெயரையே கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கையெழுத்துக் கடிதத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: குடும்பம் கொழும்புக்கு வேலைக்குப் போனாலோ வளர்க்க முடியாமல் போனாலோ நாய் உங்கள் குழுவிடமே திரும்பும் என்று. கீழே எப்போதும் எடுக்கும் தொலைபேசி இலக்கம் ஒன்றையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மலையகத்தில் நாய் வளர்க்கும், வைத்தியம் பார்க்கும் சிலர்