புரத முடிச்சு உறுதிக்காகத்தானா?

ஆசிரியருக்கு,

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; சில புரதங்கள் மடியும்போது அந்தச் சங்கிலியிலேயே முடிச்சு விழுகிறது. இதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் இரண்டு இடங்கள் இடறுகின்றன.

முதலில், கூம்பு நத்தையின் நஞ்சுப் புரதத்தை முடிச்சாகக் காட்டும் படம். அதில் இருப்பது நிஜ முடிச்சு அல்ல. சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களை இணைக்கும் டைசல்ஃபைடு பாலங்களால் (கந்தகப் பிணைப்புகளால்)தான் அது பின்னலாகத் தெரிகிறது. பாலங்களை வெட்டி இரு முனைகளையும் இழுத்தால் சங்கிலி நேராகிவிடும். இழுக்க இழுக்க இறுகினால்தான் முடிச்சு. முனைகள் திறந்த கயிற்றில் கணிதப்படி முடிச்சே கிடையாது என்பதால், இரு முனைகளையும் புரதத்துக்கு வெளியே நீட்டி, ஒரு பெரிய கோளத்தின் மேல் வெவ்வேறு புள்ளிகளில் பலமுறை சேர்த்துப் பார்ப்பார்கள். அதிகம் வருகிற முடிச்சே கணக்கு. பிறகு முடிச்சு எவ்வளவு ஆழம் என்று அறிய, முனையிலிருந்து ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கத்தரிப்பார்கள். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியில் சிலவற்றை வெட்டியதுமே முடிச்சு போய்விடும். யிப்கே என்ற பாக்டீரியப் புரதத்திலோ சுமார் 40 அமினோ அமிலங்கள் வளையத்துக்குள் நுழைந்திருக்கின்றன.

அடுத்தது, "உறுதிக்காகவே முடிச்சு" என்று கட்டுரை சொல்லும் தீர்ப்பு. முடிச்சுக்கு விலை உண்டு. 2010-ல் வடிவமைத்த முடிச்சுப் புரதம், முடிச்சில்லாத அதன் இணையைவிட 20 மடங்கு மெதுவாக மடிந்தது. முதலில் வளையம் அமைய வேண்டும். பிறகு முனை நேராகவோ, உருவாஞ்சுருக்குப் போல மடங்கியோ உள்ளே போக வேண்டும். வளையம் முந்திக்கொண்டு இறுகினால் முனைக்கு வழியில்லை. கட்டியதைக் குலைத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். மற்றப் புரதங்கள் மடிய உதவும் பாக்டீரியாவின் குரோஇஎல் உறை கூட இருந்தால் யிப்கே குறைந்தது 20 மடங்கு வேகமாக மடிகிறது என 2012-ல் காட்டினார்கள்.

மூளையில் ஏராளமாக உள்ள யூசிஎச்-எல்1 புரதத்தை சங்கிலி ஐந்து இடங்களில் குறுக்கிடும் அதன் முடிச்சு, செல்லில் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமிடமிருந்து காக்கிறது என்பார்கள். அது இன்னும் ஊகம்தான்.

இதைவிட டிஆர்எம்டி என்ற பாக்டீரிய நொதியைப் பார்ப்பது நல்லது. புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் டிஆர்என்ஏவில், 37-ஆம் இடத்து எழுத்தான குவானினில் மெத்தில் என்ற சிறு வேதிக் குழுவை ஒட்டுவது அதன் வேலை. அந்த மெத்தில் இல்லாவிட்டால், புரதத்தைக் கட்டும் ரைபோசோம் மரபுச் செய்தியை ஓர் எழுத்து தள்ளிப் படித்துவிடும். மெத்தில் கொடுக்கும் எஸ்ஏஎம் மூலக்கூறு, டிஆர்எம்டியில் உள்ள மூவிலை முடிச்சின் (மூன்று குறுக்கீடுள்ள எளிய முடிச்சின்) இடுக்கில்தான் உடல் மடக்கி உட்காருகிறது. முடிச்சே அதன் இருக்கை. நம் செல்களில் இதே வேலையைச் செய்யும் டிஆர்எம்5-ல் முடிச்சு கிடையாது, அங்கே எஸ்ஏஎம் மடங்குவதும் இல்லை. ஆக, வேலைக்கு முடிச்சு கட்டாயமில்லை. பாக்டீரியா கண்ட வழி அது. அந்த இடுக்குக்கு மட்டும் பொருந்தி, நம் நொதியைத் தொடாத மருந்தைத் தேடுவதும் இந்த வேறுபாட்டை நம்பித்தான்.

அன்புடன்,
ஒரு வாசகர்