அனிமே எபிசோடை முறையாகப் பார்க்கும் வழி

ஆசிரியருக்கு,

ஜப்பானிய அனிமேஷன் தொடர்களான அனிமேயைத் திருட்டுத் தளங்களில் பார்க்காதீர்கள் என்ற எச்சரிக்கை நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. பிறகு எங்கே பார்ப்பது என்பதையும் சொன்னால்தான் அது வாசகருக்கு உதவும்.

தொடரின் பெயர், எபிசோடு எண், கூடவே ‘இலவசம்’ என்று தேடுபொறியில் அடித்தால் பெரும்பாலும் திருட்டுத் தளங்களே முன்னால் வந்து நிற்கும். எபிசோடுக்கு ஒரு பக்கம் என்று அவை அடுக்கி வைத்திருப்பதே அதற்காகத்தான். உரிமமோ பொதுவாகத் தொடருக்கு அல்லது சீசனுக்கு, நாடுவாரியாக, குறிப்பிட்ட காலத்துக்கு விற்கப்படுகிறது. ஆகவே நாம் இருக்கும் நாட்டில் அந்தத் தொடர் யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் தேட வேண்டும்.

அதற்கு, எந்தப் படம் எந்தச் சேவையில் கிடைக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளம் நல்ல தொடக்கம். நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகே பெயரை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு நாட்டுப் பட்டியல் வந்து ஏமாற்றிவிடும். சந்தா, இலவசம், வாடகை, விலைக்கு என்று அது பிரித்துக் காட்டும். ஆங்கிலப் பெயரில் கிடைக்காவிட்டால் ஜப்பானியப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். அனிமே விவரங்களைத் தொகுத்துத் தரும் மைஅனிமேலிஸ்ட், அனிலிஸ்ட் தளங்கள் இரண்டிலும் அந்தப் பெயர் இருக்கும். பல தொடர்களுக்கு அதிகாரபூர்வ இணைப்பும் அங்கேயே இருக்கும்.

பணம் கட்டும் முன் அந்தச் சேவையின் பக்கத்தைத் திறந்து, வேண்டிய சீசன் உண்டா என்று பார்த்துவிடுவது அவசியம். உரிமக் காலம் முடிந்து தொடர் போயிருக்கலாம். முதல் சீசன் ஒரு சேவையிலும் அடுத்தது வேறொன்றிலும் இருக்கலாம். ஃபனிமேஷன் என்ற அனிமே சந்தா சேவை 2024 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது. பழைய இணைப்புகள் அங்கே போனால், கிரஞ்சிரோல் என்ற அனிமே சேவையில் தேடுங்கள். ஜப்பானில் ஒளிபரப்பாகிவரும் தொடர்கள் அதிகம் கிடைப்பதும் அங்கேதான்.

சட்டப்படி இலவசமாகவும் பார்க்கலாம். யூடியூபில் மியூஸ் ஏஷியா, அனி-ஒன் ஏஷியா ஆகிய சேனல்களை நடத்துபவை உரிமம் பெற்ற நிறுவனங்களே: முன்னது தைவானின் மியூஸ் கம்யூனிகேஷன், பின்னது ஹாங்காங்கின் மீடியாலிங்க். ஆசியாவில் பல நாடுகளுக்கு இவை திறந்திருக்கும். ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று வந்தால் அந்தத் தொடருக்கு உங்கள் நாட்டுக்கான உரிமம் அந்தச் சேனலிடம் இல்லை என்று பொருள். வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் போட்டு அதைத் தாண்டுவது சேவை விதிகளுக்குப் புறம்பானது. படம் இடவலமாகத் திரும்பியோ, ஒரு சட்டகத்துக்குள் சுருங்கியோ, குரல் கீச்சென்றோ இருந்தால் அது திருட்டுப் பதிவேற்றம்தான். திருட்டுப் பதிவைக் கண்டுபிடிக்கும் தானியங்கிச் சோதனையை ஏய்க்கவே அப்படிச் செய்கிறார்கள்.

எபிசோடு எண்ணிலும் குழப்பம் வரும். ஒரு சேவை ஒவ்வொரு சீசனையும் 1-இலிருந்து எண்ணும். இன்னொன்று தொடர்ச்சியாக எண்ணும். முதல் சீசனில் 12 எபிசோடுகள் என்றால், இரண்டாவது சீசனின் 3-ஆம் எபிசோடு வேறோரிடத்தில் 15 என்று இருக்கும். எபிசோடின் தலைப்பை ஒப்பிட்டால் தெளிவாகிவிடும். ஜப்பானிய அட்டவணையில் சனிக்கிழமை 25:30 என்று இருந்தால் அது ஞாயிறு அதிகாலை 1:30. அதுவும் ஜப்பான் நேரம். புது எபிசோடு வரவில்லை என்று முடிவுகட்டும் முன் இதைக் கணக்கிட வேண்டும். வேற்றுமொழிக் குரல்பதிவுக்குத் தனியாகக் காத்திருக்க நேரலாம். வசனவரி (சப்டைட்டில்) பெரும்பாலும் முந்திவிடும்.

சந்தா கட்டியும் படம் மங்கலாக இருந்தால், இணைய வேகத்தோடு ஆண்ட்ராய்டு கைபேசியில் படத்தை நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற அமைப்பின் பாதுகாப்பு நிலையையும் பாருங்கள். அது மிகக் குறைந்த நிலையான எல்3 என்றால் பல சேவைகள் உயர் தெளிவுப் படத்தைத் தருவதில்லை.

அனிமே பற்றிய செய்தியோ விமர்சனமோ வெளியிடும்போது, ஜப்பானியப் பெயரையும் எந்தச் சேவையில் எந்தச் சீசன் கிடைக்கிறது என்பதையும் ஒரு வரியில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்